ரத்தத்தில் மட்டும் தேடினால்

ஆண் விலங்கின் காதலுக்கு டெஸ்டோஸ்டீரோனே விடை என்று எழுதுவது அறிவியல் எழுத்தில் பழகிப்போய்விட்டது. ஆமைகளும் இதற்குத் தப்பவில்லை. மாதந்தோறும் ரத்தம் எடுத்து, ஹார்மோன் அளவை வரைபடமாக்கி, கூடும் பருவத்தை அதன்மேல் பொருத்துகிறார்கள். இரண்டும் ஒத்துப்போனால் காரணம் கிடைத்துவிட்டதாம்.

இம்முறையால் பயன் உண்டு. 1849இல் பெர்தோல்டு என்ற ஆய்வாளர் சேவல்களின் விரையை எடுத்தும் மீண்டும் பொருத்தியும் காட்டியபின், விரைச் சுரப்பின் ஆற்றலை மறுக்க இடமில்லை. பச்சைக் கடலாமை ஆணிடம் கூடலுக்கு முன் டெஸ்டோஸ்டீரோன் உயர்வதும் பதிவான உண்மை. ஆனால் முன்னதாக உயர்வதாலேயே ஒன்று இன்னொன்றை ஆட்டிவைக்கிறது என்றாகாது.

அமெரிக்காவின் சிவப்புக் காது ஆமையை எடுத்துக்கொள்வோம். ஆண் பெண்ணுக்கு எதிரே நீந்தி, நீண்ட முன்கால் நகங்களை அவள் முகத்தருகே படபடவென நடுக்கும். இது முதிர்ந்த ஆணின் வேலை என்பதே பாடப்புத்தகக் கதை. ஆனால் நன்னீர் ஆமைகளில் பருவமடையாத குஞ்சுகளும் இந்தக் காதல் அசைவுகளைச் செய்வதை ஃபிரெட் கேகிள் என்ற ஆய்வாளர் 1955இலேயே எழுதிவிட்டார். பின்னால் பர்கார்ட் போன்ற ஆய்வாளர்கள் அதை விளையாட்டோடு சேர்த்துப் பேசினார்கள். விளையாட்டு என்றே வைத்துக்கொள்வோம்; அசைவு அதே அசைவுதானே? பருவ வயதின் ஹார்மோன் எழுச்சிக்கு முன்பே அது இருக்கிறதென்றால், அந்த எழுச்சி அதை உண்டாக்கவில்லை. எத்தனை முறை, யாரிடம், எப்போது என்பதை வேண்டுமானால் அது மாற்றலாம். இந்த வேறுபாட்டை வரைபடக்காரர்கள் பல நேரங்களில் பொருட்படுத்துவதில்லை. இது என் நெடுநாள் குறை.

அப்படியானால் அந்த அசைவு எப்போது உருவானது? இதே ஆமையின் முட்டை 26 பாகை செல்சியசில் அடைகாக்கப்பட்டால் ஆண், 31இல் பெண். ஆண் பிறக்கும் வெப்பத்திலேயே முட்டைமேல் ஈஸ்ட்ரோஜன் தடவினால் பெண் பிறக்கிறது. ஹார்மோன் தன் பெரும் வேலையை முட்டை ஓட்டுக்குள்ளேயே செய்யக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? காதல் அசைவுக்கான நரம்பமைப்பும் அப்போதே போடப்பட்டிருக்கலாம். வளர்ந்த ஆணின் ரத்தத்தை எத்தனை மாதம் அளந்தாலும் அது தெரியப்போவதில்லை.

அந்த அளவும் நம்பத்தக்கதா? பிடிபட்ட ஆமையிடம் மன அழுத்த ஹார்மோனான கார்டிகோஸ்டீரோன் ஏறும். அது பாலியல் ஹார்மோனைக் குலைக்கலாம். பிடித்து எத்தனை நிமிடத்தில் ரத்தம் எடுத்தார்கள் என்பதைச் சொல்லாத அட்டவணையை, காதலுக்குச் சான்றாக ஏற்க நான் தயாரில்லை.