சாட்சியின் இலக்கணம்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், தென்மாவட்டத்துச் சபைகள் பலவற்றில், சாட்சி சொல்ல மைக் கைமாறும். வருஷம் முழுக்க வாய் திறக்காத பெண்கள்கூட முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து வருவார்கள். கடன், அறுவைசிகிச்சை, கணவனின் குடி, கலைந்த கர்ப்பம் எல்லாம் அங்கே வரும். ஆனால் போகிற தடம் பெரும்பாலும் ஒன்றுதான்: பாடு வந்தது, உடைந்துபோனேன், ஜெபித்தேன், ஆண்டவர் என்னைப் புடமிட்டு எடுத்தார். சபை 'ஸ்தோத்திரம்' என்று சொல்லி முடித்துவைக்கும்.

இதைக் கேலி செய்வது சுலபம். எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக் கஷ்டத்தை வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று வாழ்கிற குடும்பங்களில், அந்த மைக்கைத் தவிர அந்தப் பெண்களுக்கு வேறு மேடை ஏது? சொன்ன மறுநாள் யாராவது ஒருவர் அரிசிப் பையோடு வாசலில் வந்து நிற்பதும் உண்டு. பட்டதெல்லாம் வீண்போகவில்லை என்று ஒருவர் கண்டுகொள்வது சாதாரண பலமல்ல.

அந்தப் பலத்துக்கு டோனாவூரில் ஓர் உதாரணம் உண்டு. 1895-இல் மிஷனரியாக இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல், 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்தார். அதன்பின் 1951 ஜனவரியில் இறக்கும்வரை அவருடைய நாட்கள் பெரும்பாலும் டோனாவூரில் ஓர் அறைக்குள்தான் கழிந்தன. அங்கிருந்து பல புத்தகங்கள் வந்தன. 1933-இல் வெளியான 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' நோயாளிகளுக்கு ஒரு நோயாளி எழுதிய கடிதங்கள். அது பிறந்த கதையைத்தான் நாம் கவனிப்பதில்லை. நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதிய ஆறுதல் பிரதிகள் அவருக்கு உதவவில்லை. தூக்கமே வராத நாட்களில், படுக்கையை ஓய்வு என்று வருணித்து வந்த ஒரு கடிதம் முள்ளாய்க் குத்தியது. விசுவாசத்தில் குறைவில்லாத ஒருவருக்கே அப்படி.

என் வாதம் இங்கேதான் நிற்கிறது. 'இந்தப் பாடு என்னை வளர்த்தது' என்பது தன்மையில் சொல்லும்போது சாட்சி. அதே வாக்கியத்தை முன்னிலைக்கு மாற்றி, 'இந்தப் பாடு உங்களை வளர்க்கும்' என்று துக்க வீட்டில் சொன்னால் அது தீர்ப்பாகிவிடுகிறது. சொல் மாறவில்லை, வாய் மாறிவிட்டது. வேதாகமத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்தபின் அவர்கள் பேசியதில் பாதி இன்றைய பிரசங்கங்களிலும் ஒலிக்கிறது. கடைசியில் கடவுளின் கோபம் அவர்கள்மேல்தான் வருகிறது, முறையிட்டுக்கொண்டே இருந்த யோபுவின்மேல் அல்ல.

இரட்டிப்பான ஆசீர்வாதம் என்று நாம் பிரசங்கிப்பதும் யோபு புத்தகத்தின் முடிவை வைத்துத்தான். ஆடுகள் 7,000 போய் 14,000 ஆயின. ஒட்டகங்கள் 3,000 போய் 6,000 ஆயின. பிள்ளைகளோ முன்பும் பத்து, பின்பும் பத்து. முந்திய பத்துப் பேரும் பரலோகத்தில் இருப்பதால் கணக்குச் சரிதான் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். கெட்டிக்கார விளக்கம்! பத்துப் பேரையும் பெற்றவளின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா என்பது வேறு விஷயம்.

இன்னொரு குறை, முடிந்த கதைக்கே மைக் கிடைக்கிறது. வேலை கிடைத்தவர் சாட்சி சொல்கிறார். கிடைக்காதவர் கடைசி பெஞ்சில் ஜெபக்குறிப்புச் சீட்டு எழுதுகிறார். வேதாகமம் இவ்வளவு கறாராக இல்லை. 88-ஆம் சங்கீதம் இருளைச் சொல்லி, இருளிலேயே நின்றுவிடுகிறது. விடியலை ஒட்டவைக்க யாரும் முனையவில்லை. ஆண்டு நிறைவு ஆராதனையில் ஒருவர் அப்படிப் பேசி உட்கார்ந்தால், அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கிவிடுவோம்.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது, ஒழிக்கவேண்டிய துன்பத்தையும் புடக்குகையாக எண்ணிச் சகித்துக்கொள்ளும் பழக்கம். புற்றுநோயும் அடிக்கிற கணவனும் ஒரே பட்டியலில் வரலாமா? இந்த வேறுபாடு நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. திருவிதாங்கூரில் தோளை மூடக்கூடாது என்ற விதியின்கீழ் வாழ்ந்த நாடார் பெண்களில், திருச்சபையில் சேர்ந்தவர்கள் அதைச் சிலுவை என்று சுமந்துகொண்டிருக்கவில்லை. தோளை மூடினார்கள். துணி கிழிக்கப்பட்டது, ஆலயங்கள் எரிந்தன, கலவரம் தணியவில்லை. 1859-இல் அரசு மேலாடைக்கு அனுமதி தந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. பாடு அவர்களை வளர்த்தது உண்மை. வளர்ந்தது பொறுத்துப்போனதால் அல்ல.

நாமோ இன்று, கணவனின் குடியையும் அடியையும் பற்றி அழுகிறவளுக்கு, 'பொறுமையாயிருங்கள், ஜெபிப்போம்' என்று சொல்லி அனுப்பிவைக்கிறோம். அடுத்த டிசம்பரிலும் அதே கதையோடு வந்தால் அவளுடைய விசுவாசத்தைத்தான் சந்தேகிக்கிறோம். மகளிர் காவல் நிலையம் வரை அவளோடு நடந்துபோன மூப்பரின் சாட்சியை மட்டும் எந்த டிசம்பர் இரவிலும் நான் கேட்டதில்லை.