லாலிக்கு வால்டேர், ஊருக்கு யார்?

பிரெஞ்சுத் தளபதி லாலியைத் துரோகி என்று சொல்லி 1766-ல் பாரிஸில் தலையை வெட்டினார்கள். அது அநியாயம் என்று 1773-ல் இந்தியா பற்றிய தன் நூலில் வால்டேர் வாதாடினார். 1778-ல் தீர்ப்பு ரத்தானது. வாதம் சரிதான். ஆனா அதோட கேள்வி ரொம்பச் சின்னது: லாலி துரோகியா, இல்லையா?

1758-ல் வந்திறங்கியதும் லாலி, புதுச்சேரி ஆட்களைச் சாதி பார்க்காமல் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். பணத்துக்காகத் தஞ்சை மேல் படையெடுத்தார். கீழ்வேளூரில் கோயில் பிராமணர்களை ஒற்றர்கள் என்று பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். டிசம்பரில் அவர் படை சென்னையின் கறுப்பர் நகரத்தைச் சூறையாடியது. கோட்டை மட்டும் விழவில்லை. 1760-ல் வந்தவாசியில் தோற்றார். 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது, ஆங்கிலேயர் அதை இடித்துத் தள்ளினார்கள்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைக் கூட வச்சுப் படிங்க. அங்கே லாலி, பணம் கேட்டு ஊரை நெருக்குகிற துரை.

முகப்பேர்லேர்ந்து பாரிமுனை போனா, அங்கே இருக்கிற ஜார்ஜ் டவுன்தான் அன்றைய கறுப்பர் நகரம். சூறையாடப்பட்ட அந்த வீட்டுக்காரர்களுக்காக எந்த வால்டேரும் வழக்காடவில்லை.