பூ வராத கன்று

பெப்ரவரியிலேயே விதை போட்டு, மார்ச் முடிவதற்குள் முழங்கை உயரக் கன்றுகளைப் படம் பிடித்து அனுப்பும் நண்பர்கள் எனக்கு உண்டு. பார்த்து வாழ்த்துவேன், பொறாமைப்படமாட்டேன். ரொறன்ரோவில் மண் தக்காளிக்கு இணங்கி வருவது மே கடைசியில். அதுவரை அந்தக் கன்றுகள் யன்னலோரச் சட்டியிலேயே வேர் சுற்றி, அடியிலை பழுத்து, வெளிச்சப் பக்கம் சாய்ந்து நிற்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் போட்ட விதை 7 வாரத்தில் அவற்றோடு சேர்ந்தே நிலத்தில் இறங்கும். ஜூலைக்குள் பெரும்பாலும் முந்தியும் விடும்.

கன்றுக்கு உயரம் ஒரு தகுதியே இல்லை. நான் பார்ப்பது தண்டை. பென்சில் கனம் இருக்கவேண்டும். அடியில் லேசான ஊதாச் சாயல், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மினுங்கும் வெண்மயிர், இலைக்கும் இலைக்கும் இடையில் ஒரு விரல் வைக்கத்தான் இடம். கையால் தடவிவிட்டால் நிமிர்ந்து திரும்பவேண்டும். தினமும் இப்படித் தடவுவதே கன்றைக் குட்டையாகவும் திடமாகவும் ஆக்கும் என்பது பசுமைக்குடில் ஆய்வுகளில் நிறுவப்பட்ட விஷயம். எனக்கு அது இரண்டாவது காரணம்தான். முதல் காரணம், கையில் ஒட்டும் அந்த வாசம். பழத்தில் இல்லாத, இலையிலும் தண்டிலும் மட்டுமே இருக்கும் அந்தக் காரமான பச்சை வாசம் ஏப்ரலில் நிலக்கீழ் அறையில் எழும்போதுதான் குளிர்காலம் போனது நிச்சயமாகும்.

நிலக்கீழ் அறையைக் குறை சொல்கிறவர்கள் அதன் அருமை தெரியாதவர்கள். விதை முளைக்க 25 பாகைச் சூடு வேண்டும், சரி. அதற்கு வெப்பப் பாய் இருக்கிறது. 6, 7 நாளில் வளைந்த கழுத்து மண்ணைப் பிளந்துகொண்டு வந்ததும் பாயை எடுத்துவிடவேண்டும். அதன்பின் 16, 18 பாகைக் குளிர்ச்சிதான் மருந்து. மேலே வரவேற்பறைச் சூட்டில் வளரும் கன்று நூலாக நீளும். விளக்கு இலையிலிருந்து 5 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கட்டும். கன்று வளர வளர விளக்கும் ஏறட்டும். ஆனால் வெள்ளை விளக்காகப் பாருங்கள். இப்போது எங்கும் விற்கும் ஊதா வெளிச்சத்தில் கன்று வளரும்தான், நிறம் தெரியாது. இலை வெளிறுகிறதா, அடிப்பக்கம் ஊதா ஏறுகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாத வளர்ப்பில் என்ன ரசனை?

இனி என் ஆளுக்கு வருகிறேன். கிரெய்க் லெஹூலியர். வட கரோலினாக்காரர், தொழிலால் வேதியியலாளர். 1990இல் டென்னசி மாநிலத்திலிருந்து ஒருவர் தபாலில் அனுப்பிய ஊதாத் தக்காளி விதையை வளர்த்துப் பார்த்து, ‘செரோக்கி பேர்ப்பிள்’ என்று பெயர் வைத்து உலகுக்குக் கொடுத்தவர். எல்லோரும் அவரைக் கொண்டாடுவது அந்தப் பழத்துக்காக. நான் கொண்டாடுவது அவர் விதை போடும் விதத்துக்காக.

50 குழித் தட்டில் குழிக்கு ஒரு விதை என்பதுதானே உலக வழக்கம்? அவர் ஒரே குழியில் 30, 40 என்று அள்ளிப் போடுகிறார். ஒரு குழிக்கு ஒரு ரகம். இரண்டடித் தட்டு ஒன்றில் 50 ரகம் அடங்கிவிடும். முளைத்து வரும்போது ஒவ்வொரு குழியும் பச்சைக் கற்றையாக நிற்கும். வித்திலைகளுக்கு மேல் வெட்டு விழுந்த முதல் இலை தலைகாட்டும் நேரத்தில் அந்தக் கற்றையை அப்படியே கவிழ்த்து எடுத்து, மெல்ல உதறி, ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டும். முதலில் பார்க்கிறவருக்கு நெஞ்சு பதறும். வேர்கள் ஒன்றையொன்று கவ்வியிருப்பதுபோலத் தெரியும். இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிடிக்கவேண்டியது வித்திலையை. தண்டைப் பிடித்து நசுக்கினால் கதை முடிந்தது. இலை கிழிந்தால் வேறு இலை வரும். பிரித்ததை வித்திலை தொடும் ஆழத்துக்குச் சிறு சட்டியில் புதைத்துவிட்டால் மண்ணுக்குள் போன தண்டு முழுக்க வேர் விடும். அன்று பின்னேரம் துவண்டு படுக்கும். மறுநாள் காலையில் எழுந்து நிற்கும். அந்த இடைவேளை ஒன்றுக்காகவே இந்த வேலையை விரும்பலாம்.

இதில் புதுமை என்ன என்று யாழ்ப்பாணத்தில் மிளகாய் நட்ட எவரும் கேட்பார். என் மாமனார் உரும்பிராய்ச் செம்மண்ணில் தோட்டம் செய்தவர். கனடாவுக்கு வந்த புதிதில் என் விதைத் தட்டைப் பார்த்துவிட்டு, “இதென்ன, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு அறையோ?” என்றார். அவருக்கு நாற்றுமேடை என்றால் நெருக்கமாகத் தூவி, கிடுகால் நிழல் கொடுத்து, பின்னேரத்தில் பிடுங்கி நடுவது. “நடுறதுக்கு முதல் ரெண்டு நாள் தண்ணி காட்டாதையும், தம்பி” என்பது அவருடைய இன்னொரு விதி. வெளியே நடுமுன் நீரைக் குறைத்துக் கன்றைத் திடப்படுத்தச் சொல்லும் அமெரிக்கக் கையேடுகளை இப்போது வாசிக்கும்போதெல்லாம் அவர் குரலில்தான் கேட்கிறது.

மண்கட்டிக் கட்சிக்காரர்கள் இதை ஒப்பமாட்டார்கள். எலியட் கோல்மன் பரப்பிய முறை அது: சட்டியே இல்லாமல் அச்சில் அழுத்திய மண்கட்டியில் விதை போட்டால் வேர் காற்றைத் தொட்டதும் நின்றுவிடும், சுற்றாது, நடும்போது அதிர்ச்சியும் இல்லை. எல்லாம் உண்மை. கீரைக்கும் கோவாவுக்கும் அதுவே சிறப்பு. தக்காளியோ வேர் அறுந்தால் இரட்டிப்பாக விடும் சாதி. அதற்கு ஏன் இத்தனை பத்திரம்?

லெஹூலியரின் இன்னொரு வேலையும் நாற்றுத் தட்டிலேயே நடந்ததுதான். 2000களின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவின் பட்ரினா நஸ்க் ஸ்மோலுடன் சேர்ந்து அவர் தொடங்கிய குட்டைத் தக்காளித் திட்டத்தில், நெட்டையையும் குட்டையையும் கலந்த இரண்டாம் தலைமுறையில் நாலில் ஒன்று குட்டையாக வரும். அதைக் கண்டுபிடிக்கக் காய்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சில வார நாற்றிலேயே தடித்த தண்டும் கரும்பச்சைச் சுருக்க இலையும் காட்டிக்கொடுத்துவிடும். இரு அரைக்கோளத்திலும் ஆட்கள் இருந்ததால் வருடத்துக்கு இரண்டு தலைமுறை. அப்படி வந்த ‘ரொசெல்லா பேர்ப்பிள்’ செரோக்கியின் சுவைக்குப் பக்கத்தில் நிற்கும், உயரம் மார்பளவைத் தாண்டாது. ஸ்காபரோவின் அடுக்குமாடி பல்கனிக்காரர்கள் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

மற்றது நடுவதற்கு நாள் பார்ப்பது. இங்கே விக்டோரியா தின நீண்ட வாரஇறுதிதான் எல்லோருக்கும் பஞ்சாங்கம். அது மே 25க்கு முந்திய திங்கள் என்பது சட்டம். 18ஆகவும் வரும், 24ஆகவும் வரும். ஒரு வார வித்தியாசம் தக்காளிக்குப் பெரிது. 2020 மே இரண்டாம் வாரத்தில் ரொறன்ரோவில் பனி தூறியதைப் பலரும் மறந்துவிட்டார்கள். உறைபனி மட்டும்தான் எதிரி என்பதும் தவறு. இரவு 10 பாகைக்குக் கீழே போனாலே கன்று மரத்து நிற்கும், இலையின் அடி ஊதாவாகும், வேர் நகராது. நான் நம்புவது மண்ணில் குத்தும் வெப்பமானியை: காலையில் 15 பாகை காட்டினால் நடலாம். ஏரிக்கரையில் இருப்பவர்களுக்கு உறைபனி சீக்கிரம் ஒழிந்துவிடும். ஆனால் ஏரிக்காற்றின் குளிர் ஜூன் வரை நிற்கும். மார்க்கம் நகருக்கு வடக்கே இதற்கு நேர்மாறு. நடுவதற்கு முன்பாக ஒரு வாரம் கன்றை வெளிக்காற்றுக்குப் பழக்கவேண்டும்: முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு கொஞ்சம் வெயில், பிறகு காற்று, கடைசியில் இரவு.

ஒரு காலத்தில் இதெல்லாம் கன்று விற்கிறவர்களுக்கும் தெரிந்திருந்தது. இன்று ஏப்ரல் கடைசியில் முதல் வெயில் அடித்ததும் பெரிய கடைகளின் வாசலில் தக்காளி வந்து குவிகிறது. சின்னச் சட்டியில் பூவோடு, சிலது காயோடும். சனம் பூ இருப்பதைத்தான் தேடி வாங்குகிறது. வேருக்கு இடமில்லாமல், இனிப் பிழைப்போமோ மாட்டோமோ என்று அவசரமாகப் பூத்த கன்று அது. ரகத்தின் பெயர்கூடச் சரியாக இருப்பதில்லை. ‘பிராண்டிவைன்’ என்று எழுதிய சட்டியில் வெட்டு விழுந்த இலை. அந்த ரகத்துக்கு உருளைக்கிழங்கு இலைபோல வெட்டில்லாத இலை என்பதைக் கடையில் சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்கள்.

கடையில்தான் வாங்குவீர்கள் என்றால், சட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேர் வெள்ளையாக இருக்கும் குட்டைக் கன்றை, பூ இல்லாததை எடுங்கள். பூ இருந்தால் கிள்ளிவிட்டு நடுங்கள். 2026இல் விக்டோரியா தினம் மே 18இலேயே வருகிறது. என் கன்றுகள் அந்த வாரஇறுதியில் வெளியே வரும், நிழலில் ஒரு மணித்தியாலம் நிற்க மட்டும்.