கசிந்ததா, உருவினார்களா?

2023 டிசம்பர் 26, நள்ளிரவுக்குச் சற்று முன். எண்ணூர் பெரியகுப்பம் கரையோரம், கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வெளியேறியது. மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். செய்தியில் 'அமோனியா கசிவு'. 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ அறிக்கை உட்பட, டெலிகிராம் பாட்களில் கிடைப்பதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. அதற்கும் 'தகவல் கசிவு' என்ற சொல்தான் அடிபட்டது.

ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்துமா? எனக்குப் பொருந்தவில்லை.

'கசி' தன்வினை. பானை கசியும், குழாய் கசியும், கண் கசியும். யார் செய்தது என்று கேட்க அந்தச் சொல்லில் இடமே இல்லை. எண்ணூரிலேயே அந்தச் சொல் சிலருக்கு வசதிதான். அதே மாதம் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து கொசஸ்தலை ஆற்றுக்கு வந்த எண்ணெயையும் 'கசிவு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். படகும் வலையும் கறுத்துப்போன மீனவரிடம் போய் 'கசிவு' என்றால் சிரிப்பார். ஆனாலும் அங்கே குழாய் உண்டு, தொட்டி உண்டு, அழுத்தம் உண்டு. கசிவு என்று சொன்னால் பாதியாவது உண்மை.

தரவு விஷயத்தில் அந்தப் பாதியும் கிடையாது. ஸ்டார் ஹெல்த் விவரங்களை வெளியிட்டவன் தன்னிடம் 7.24 டெராபைட் இருப்பதாகச் சொன்னான். அவன் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம், வாதத்துக்கு வைத்துக்கொள்வோம். நொடிக்கு 100 மெகாபிட் லைனை முழுசா நிரப்பி அனுப்பினாலும் ஏறக்குறைய ஆறே முக்கால் நாள் ஆகும். ஆறே முக்கால் நாள் ராத்திரி பகலாக லாரி லாரியாக வெளியே போவதற்குப் பேர் கசிவா?

எக்ஸ்ஃபில்ட்ரேஷன் என்ற ஆங்கிலச் சொல்லிலும் வடிகட்டி ஒளிந்திருக்கிறது என்பது உண்மைதான். சிவில் படித்தவர்களுக்கு இது பழைய சொல்: விரிசல் விட்ட சாக்கடைக் குழாயிலிருந்து கழிவு மண்ணுக்குள் இறங்குவது. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் குடிநீரில் வாடை வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படணும். ஆனால் உளவுத் துறைக்காரர்கள் அதற்கு ஓர் ஆளைக் கொடுத்துவிட்டார்கள். எதிரி நாட்டுக்குள் இருக்கும் தன் ஆளை யாரும் அறியாமல் வெளியே கொண்டுவருவது. 1985-ல் சோவியத் உளவாளி ஒலெக் கோர்டியெவ்ஸ்கியை பிரிட்டிஷார் கார் டிக்கியில் வைத்து ஃபின்லாந்து எல்லையைத் தாண்டினார்களே, அது. கணினிப் பாதுகாப்பு இந்தப் பொருளைத்தான் எடுத்துக்கொண்டது. தாக்குதல் முறைகளை வகைப்படுத்தும் மைட்டர் அட்டவணையில் இது ஒரு தனி நிலை. உள்ளே நுழைந்து, தேடி, சேர்த்து, கட்டி, பிறகு வெளியே எடுப்பது. கை இல்லாமல் நடக்காது.

அப்போ தமிழில்? துறைமுக ஊர்க்காரனுக்கு முதலில் வாயில் வருவது 'கடத்தல்'. நல்ல சொல், செய்தவனைக் காட்டும். சிக்கல் என்னவென்றால், பள்ளி இயற்பியல் அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டது. செம்புக் கம்பி மின்கடத்தி. 'தரவுக் கடத்தல்' என்று பாடப்புத்தகத்தில் எழுதினால் பிள்ளை டேட்டா டிரான்ஸ்மிஷன் என்றுதான் படிக்கும். 'திருட்டு' என்றால் சட்டம் இடிக்கும். தண்டனைச் சட்டத்தின் திருட்டுக்கு அசையும் பொருள் ஒருவர் கைவசத்திலிருந்து நகர வேண்டும். தரவு அங்கேயே இருக்கும், போவது நகல். 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43(பி) பிரிவு இதை உணர்ந்துதான் அனுமதியின்றிப் பதிவிறக்குவது, நகலெடுப்பது, பிரித்தெடுப்பது என்று வினைச்சொற்களாக அடுக்குகிறது.

எனக்குப் பிடித்தது 'உருவல்'. இன்ஃபில்ட்ரேஷனுக்கு ஊடுருவல் என்று ஏற்கெனவே சொல்கிறோம். அதன் பாதி 'உருவு'. உருவு என்றால் துளைத்துப் போவது மட்டுமல்ல, உறையிலிருந்து வாளை உருவுவதும்தான். பஸ்ஸில் பர்ஸ் போனால் 'உருவிட்டான்' என்கிறோம், 'பர்ஸ் கசிஞ்சிடுச்சு' என்று யாரும் சொல்வதில்லை! ஊடுருவி உருவினான்: ஒரே வேரில் போனதும் வந்ததும். குறையும் இருக்கிறது. உருவினால் உறை காலியாகும், பை காலியாகும். இங்கே எதுவும் குறையாது. அதனால்தான் பறிகொடுத்தவருக்கே தெரிவதில்லை. அந்தக் குறையோடு இப்போதைக்கு இதையே வைத்துக்கொள்கிறேன். இதைவிட நல்லது யாராவது சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

வெறும் சொல்லுக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பீர்கள். கூடங்குளத்தைப் பாருங்கள். 2019 அக்டோபர் 29-ல் அணுமின் நிலையத்தின் அறிக்கை: கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலையோடு இணைக்கப்படாதவை, சைபர் தாக்குதல் சாத்தியமில்லை. மறுநாளே அணுமின் கழகம், தீநிரல் இருந்தது உண்மை, செப்டம்பர் 4-ல் செர்ட்-இன் தெரிவித்தது, அது நிர்வாக வலையில் இருந்த ஒரு கணினி, நிலையத்தின் அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றது. அந்தத் தீநிரல் டிட்ராக் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். டிட்ராக் எதையும் வெடிக்க வைக்கும் ரகமல்ல. காஸ்பர்ஸ்கி அதே செப்டம்பரில் விவரித்தபடி, விசைப்பலகைத் தட்டல், உலாவி வரலாறு, கோப்புப் பட்டியல் ஆகியவற்றைச் சேகரிக்கும் ரகம். அதாவது உருவுவதற்கென்றே எழுதியது.

இரண்டு அறிக்கைகளும் உள்ளே வந்ததைப் பற்றி மட்டுமே பேசின. எது வரை வந்தது, எதைத் தொடவில்லை. எது வெளியே போனது என்று ஒரு வரி இல்லை. ஜீரோ கேட்டில் வெளியே வரும் கன்டெய்னருக்குக்கூட சீல் நம்பரும் கேட் பாஸும் கேட்பார்கள்.