ஒரு மணிக்கு மூன்று பெயர்

பிள்ளைப்பாக்கம் சிப்காட் பக்கம் ஒரு மாவு மில். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். என் பையிலிருந்த சம்பா கோதுமையை அள்ளிப் பார்த்த பெல்காம் பையன் 'ஜவே கோதி' என்றான். பக்கத்தில் நின்ற சாங்லிக்காரர் 'கப்ளி' என்றார். மெலிந்து நீண்ட செந்நிற மணி. உலகம் இதை எம்மர் என்கிறது. ரொட்டிக் கோதுமைக்குக் குரோமோசோம் 42, இதற்கு 28.

கடைகளில் 'பாரம்பரியம்' என்று சொல்லி விற்கிறார்கள். பழமை அல்ல, இதன் நோய் தாங்கும் திறனே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1922-ல் அமெரிக்காவில் ஸ்டேக்மேனும் லெவினும் தண்டுத்துரு நோயின் வகைகளைப் பிரித்தறிய 12 கோதுமைகளைத் தேர்ந்தார்கள். அதில் நம் கப்ளியும் ஒன்று. யூஜி99 என்ற துரு ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி உலகை மிரட்டியபோது, அதற்கு எதிராகக் கைகொடுத்த மரபணுக்களில் ஒன்றான எஸ்ஆர்13 கப்ளியிலும் இருக்கிறது. துரு நம்மூர்க் கதையும்தான். கோடையிலும் நீலகிரி, பழனி மலைகளில் அது பிழைத்திருந்து காற்றில் வடக்கே போகிறது என்று தாவர நோயியலாளர் கே. சி. மேத்தா கண்டறிந்தார். நீலகிரியின் வெலிங்டனில் கோதுமை ஆய்வு நிலையம் இருப்பது சும்மா அல்ல.

குறைகளும் உண்டு. உமி மணியை விடாது. அடித்தால் மட்டும் போதாது, தனியே குத்தியாக வேண்டும். பழைய ரகங்கள் உயரமாக வளர்ந்து சாயும், விளைச்சலும் குறைவு. வெலிங்டனின் 'நீலகிரி கப்ளி' குட்டை ரகம், என்.பி.201-ஐக் காமாக் கதிருக்கு உட்படுத்தி எடுத்தது. 'ஆதி தானியம்' என்று வாங்குவோர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. விவசாயிக்குக் கட்டுப்படியாகாத ரகத்தை யார் விதைப்பார்? 'குளூட்டன் இல்லை' என்று விற்பதுதான் தப்பு. குளூட்டன் இருக்கிறது, சீலியாக் நோயாளிக்கு ஆகாது.

என் சண்டை வேறிடத்தில். மீட்பு என்று பேசுகிறோம். ஆனால் சந்தை கேட்பது ஒரே நிறம், ஒரே நீளம். ரவை உடைக்க அதுதான் வசதி. விதை வாங்குபவரும் அதையே கேட்டால், வயலில் நிற்பது நாலைந்து ரகமாகச் சுருங்கும். துரு தாங்கும் குணம் எந்தச் சோனி ரகத்தில் ஒளிந்திருக்கிறதோ, அது விதைவங்கியின் குளிர்ப்பெட்டியோடு நின்றுவிடும். துரு வயலில் ஆண்டுதோறும் மாறுகிறது. பெட்டிக்குள் இருக்கும் விதை மாறாது. விற்பனை கூடுவதை மட்டும் வைத்து மீட்பு என்று எப்படிச் சொல்வது?

மில்லிலிருந்து திரும்பும்போது மளிகைக்கடையில் கேட்டேன்: "இது எந்த ரகம், அண்ணாச்சி?"

"சம்பா."

"சம்பாவிலே என்ன ரகம்?"

"ரவையா, முழுசா? அதைச் சொல்லுங்க."