படர்க்கையிலிருந்து முன்னிலைக்கு: கத்தோலிக்க மனச்செப மரபு குறித்து ஒரு மதிப்பீடு

தியானம் என்பது நம் திருச்சபைகளில் பெரிதும் வழங்கும் சொற்களுள் ஒன்று. லெந்து காலத் தியானம், பெரிய வெள்ளியன்று திருமொழிகள் ஏழின்மீது தியானம், பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் தொடக்கத் தியானம் என ஆண்டு முழுவதும் இச்சொல் நம் செவியில் விழுகின்றது. ஆயினும் இவை யாவும் ஒருவர் பேசப் பலர் கேட்கும் அருளுரைகளேயாம். கத்தோலிக்க மரபில் இச்சொல்லுக்குப் பொருள் வேறு. ஒருவர் தனித்திருந்து, வேதப்பகுதி ஒன்றை உள்ளத்தில் அசைபோட்டு, வாயால் அன்றி மனத்தால் இறைவனோடு உறவாடும் பயிற்சியே அங்குத் தியானம் எனப்படும். கற்றுச் சொல்லும் வாய்ச்செபத்தினின்று வேறுபடுத்தி, அதனை மனச்செபம் என்றும் வழங்குவர்.

இப்பயிற்சியைக் கற்க விரும்பிக் கத்தோலிக்கத் தியான இல்லங்களை நாடும் ஆயர்களும் இறையியல் மாணவர்களும் நம்மிடையே உளர். இதனைக் கண்டு, 'உரோமை மார்க்கத்துக்குத் திரும்புதல்' என அஞ்சுவோர் ஒருபுறம். அங்குக் கேட்டதனைத்தையும் ஆராயாது ஏற்போர் மறுபுறம். அச்சமும் வியப்பும் மதிப்பீடு ஆகா. தொடங்குவோர் ஒருவருக்கு இம்மரபு கற்பிப்பது யாது, அதில் நாம் கொள்வன எவை, தள்ளுவன எவை என்பதை நிதானமாக நோக்குதல் வேண்டும்.

1. மரபின் வடிவம்

மூவரைக் குறிப்பிடுதல் போதும். முதலாமவர் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார். இவரது 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்னும் நூலுக்கு 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார். இதனைக் கையில் எடுக்கும் மாணவர் பலர் சில பக்கங்களிலேயே ஏமாற்றம் அடைவதுண்டு. காரணம் எளிது: இது படிப்பதற்கான நூல் அன்று, பயிற்சி அளிப்பவருக்கான கைந்நூல். வேதப்பகுதியைச் சுருக்கமாக எடுத்துரைத்துவிட்டு வழிகாட்டுபவர் விலகிக்கொள்ள வேண்டும் என்பதே இஞ்ஞாசியார் தரும் அறிவுரை. மிகுதியாக அறிதல் அன்று, உள்ளத்தால் சுவைத்தலே ஆன்மாவை நிறைவிக்கும் என்பது அவர் கருத்து. பயிற்சியின் ஒழுங்கு இது: இறைமுன்னிலையில் நிற்றல்; நிகழ்ச்சி நடந்த இடத்தை மனக்கண்ணால் காணல்; வேண்டும் வரத்தைக் கேட்டல்; நிகழ்ச்சியை நினைவாலும் அறிவாலும் சித்தத்தாலும் உட்கொள்ளல்; இறுதியில் உரையாடல். அவ்வுரையாடல் நண்பன் நண்பனோடு பேசுவது போல, ஊழியன் தலைவனோடு பேசுவது போல அமைய வேண்டும் என்கின்றார். பின்னர், நடந்ததைக் கால்மணி நேரம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இரண்டாமவர் அவிலா நகரத் தெரேசா. 1565இல் எழுதி முடித்த தம் வரலாற்று நூலில், செபத்தை ஒரு தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் நான்கு வழிகளாக விளக்குகின்றார். கிணற்றிலிருந்து கையால் இறைத்தல் முதலாவது, வாளிகள் கோத்த சக்கரத்தால் இறைத்தல் இரண்டாவது, ஆற்றுநீர் பாய்தல் மூன்றாவது, வான்மழை நான்காவது. ஏரிகள் மலிந்த செங்கல்பட்டுப் பகுதியில் ஏற்றம் இறைத்த முதியோரைக் கண்டவர்களுக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். கையால் இறைப்பவரே தொடக்கநிலையினர். வாளி வெறுமையாய்த் திரும்பும் நாளிலும் கிணற்றடிக்குச் செல்வதே அவருக்குரிய கடமை. தெரேசாவும் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் கையில் ஒரு நூல் இன்றி மனச்செபத்துக்கு அமரத் துணியவில்லை. மூன்று நாள் கூடுகையின் முடிவில் பேரனுபவம் எதிர்பார்க்கும் நம் காலத்தவர் இதனை மனத்தில் கொள்ளல் நன்று.

மூன்றாமவர் பிரான்சிஸ் சலேசியார். 1609இல் வெளிவந்த இவரது பக்தி நெறி நூல் துறவிகளுக்காக அன்றி, உலகில் வாழும் குடும்பத்தாருக்காக எழுதப்பட்டது. தியானம் நல்லெண்ணங்களோடு நின்றுவிடலாகாது. அன்று செய்து முடிக்கத்தக்க ஒரு தீர்மானமாக முதிர வேண்டும் என்பது இவர் வற்புறுத்துவது. மனம் பராக்கில் ஓடினால் அதனைக் கடிந்துகொள்ளாமல் மெல்லத் திருப்பிக் கொணர்தல் வேண்டும் என்பதும் இவர் தரும் ஆறுதல்.

2. இது நமக்கு அந்நியமா?

சீர்திருத்தத் திருச்சபைகள் இம்மரபை முற்றும் துறந்தன என்பது பொதுவாக நிலவும் எண்ணம். வரலாறு அதனை ஆதரிக்கவில்லை. லூத்தர் 1535இல் தம் நாவிதரான பேதுருவுக்கு எழுதிய செபம் பற்றிய சிறு நூல் ஒரு மனச்செபக் கையேடே ஆகும். கட்டளை ஒன்றை எடுத்து, அதனைப் போதனை, நன்றி, பாவ அறிக்கை, விண்ணப்பம் என நான்கு புரிகளாகத் திரித்து மாலையாக்கும் முறையை அவர் கற்பிக்கின்றார். கத்தியைக் கையில் ஏந்திய நாவிதர் கருத்தை வேறெங்கும் விடலாகாதவாறு, செபிப்பவரும் கருத்தொருமை உடையவராய் இருக்க வேண்டும் என்கின்றார். நடுவே தூய ஆவியார் உள்ளத்தில் பேசத் தொடங்கினால், முறைகளை விட்டுவிட்டுக் கேட்கும்படியும் கூறுகின்றார்.

1606இல் ஆங்கிலத் திருச்சபையின் ஜோசப் ஹால் தியானக் கலை குறித்து நூல் எழுதியபோது, பெயர் அறியாத பழந்துறவி ஒருவரின் நூலிலிருந்து தாம் கற்றதாக வெளிப்படையாகக் குறிப்பிட்டார். தூய்மைவாதியான ரிச்சர்ட் பாக்ஸ்டர் 1650இல் வெளியிட்ட 'பரிசுத்தவான்களின் நித்திய இளைப்பாறுதல்' என்னும் பெருநூலின் இறுதிப் பகுதி தியானத்தைப் பற்றியதே. தனக்குத்தானே பிரசங்கிப்பதில் தொடங்கி, இறைவனோடு பேசுவதற்கு உயர வேண்டும் என்பது அவர் காட்டும் வழி. பெரிய வெள்ளியன்று நாம் நடத்தும் மூன்று மணி நேர ஆராதனையும், பெரு நாட்டின் லீமா நகரில் இயேசு சபைக் குருக்களிடையே தோன்றிய வழிபாடேயாகும். ஸ்காட்லாந்து மிஷன் பணியால் எழுந்த செங்கல்பட்டு வட்டாரச் சபைகளிலும் இன்று அது நடைபெறுகின்றது. அதனை உரோமை வழக்கம் என எவரும் ஒதுக்குவதில்லை.

ஆயினும் வேறுபாடுகளை மழுப்புதல் நேர்மை ஆகாது. இஞ்ஞாசியாரின் சில பயிற்சிகளில் உரையாடல் மூன்று படிகளாக அமைகின்றது: முதலில் கன்னி மரியாளிடம், அடுத்து மகனிடம், பின்னர்த் தந்தையிடம். 1 தீமோத்தேயு 2:5 அறிவிக்கும் ஒரே இடைநிலையாளரை நம்பும் நாம் இம்முதற்படியை ஏற்பதற்கில்லை. செபமே பேறுகளை ஈட்டித் தரும் செயல் எனக் கருதும் போக்கும் நமக்கு உடன்பாடன்று. இவ்விரண்டையும் நீக்கியபின் எஞ்சுவது, வேதத்தில் தொடங்கி உரையாடலில் முடியும் நெறி. அது எந்த ஒரு திருச்சபைக்கும் தனியுரிமை அன்று.

3. 'சாதனா' நூலும் அதன் ஒழுங்கும்

இந்தியாவில் தொடங்குவோர் பலர் இம்மரபை அறிந்தது இஞ்ஞாசியார் வழியாக அன்று. மும்பையில் பிறந்த இயேசு சபைக் குருவான அந்தோணி டி மெல்லோவின் 'சாதனா' வழியாகவே. 1978இல் வெளிவந்த இந்நூல் விழிப்புணர்வு, கற்பனை, பக்தி என்னும் தலைப்புகளில் பயிற்சிகளை வகுத்துத் தருகின்றது. மௌனம், உடலின் உணர்ச்சிகள், மூச்சின் போக்குவரவு ஆகியவற்றைக் கவனித்தலில் தொடங்கி, நற்செய்திக் காட்சிகளை மனக்கண்ணால் காணலுக்குச் சென்று, இயேசுவின் திருப்பெயர், மன்றாட்டு, புகழ்ச்சி ஆகியவற்றில் முடிகின்றது.

நூலின் சிறப்பை மறுப்பதற்கில்லை. நடை எளிது, ஆசிரியர் பலரை நேரில் பயிற்றுவித்தவர் என்பது பக்கந்தோறும் விளங்கும். நோயாளி ஒருவர் படுக்கையருகே வெறும் நாற்காலி ஒன்றை இட்டு, இயேசு அதில் அமர்ந்திருப்பதாக எண்ணி அவரோடு பேசிவந்த நிகழ்ச்சியை அவர் கூறும் பகுதி, மனச்செபம் யாது என்பதைப் பல விரிவுரைகளினும் தெளிவாக உணர்த்தும். 1998இல் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அவரது பிற்கால எழுத்துகளைக் கண்டித்தபோதும், தொடக்ககால நூல்கள் கிறிஸ்தவ ஆன்மிக எல்லைக்குள் நின்றன என்றே கூறியது.

நம் குறை நூலின் ஒழுங்கைப் பற்றியது. விழிப்புணர்வுப் பயிற்சிகள் முதலில் நிற்பதால், தொடங்குவோர் பலர் அவற்றோடு நின்றுவிட இடமுண்டு. மூச்சைக் கவனித்து அமைதி எய்தியவர் செபித்துவிட்டதாக எண்ணி எழுந்துவிடுகின்றார். இது செபம் ஆகுமோ என்னும் ஐயத்தை ஆசிரியரே எழுப்பி விடையளிக்க முயல்கின்றார். எனினும், தனியே நூலைப் பயில்பவர் கதவைத் திறக்கும் முன்னே படிக்கட்டில் அமர்ந்துவிடும் இடர் நீங்கவில்லை. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தவப் பாறையை நம் வாசகர் பலர் கண்டிருப்பர். ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் புரியும் முனிவருக்குக் கீழே, பூனை ஒன்றும் முன்னங்கால்களை உயர்த்தித் தவக்கோலத்தில் நிற்க, எலிகள் அதனைச் சூழ்ந்துள்ளன. இருவர் நிலையும் ஒன்றே, நாட்டம் வேறு. உடலின் அமைதி நன்றே. ஆனால் அது எதனை நாடுகிறது என்பதை அமைதியே சொல்லாது.

4. நம் பக்கத்துக் குறை

இவ்வளவு கூறியபின் நம் மேடையையும் அதே அளவுகோலால் அளத்தல் முறையாகும். தமிழ் இலக்கணம் இடம் மூன்று என வகுக்கும்: தன்மை, முன்னிலை, படர்க்கை. மூச்சோடு நின்றுவிடும் பயிற்சி தன்மையில் தங்கிவிடுகின்றது. 'நான் அமைதியாய் இருக்கின்றேன்' என்பதே அதன் முடிவு. நம் பிரசங்க மரபோ படர்க்கையில் தங்கிவிடுகின்றது. 'அவர் இன்னார், அவர் இவ்வாறு செய்தார்' என்பதே அதன் மொழி. ஆயர் வேதத்தைத் திறக்கும்போதே ஞாயிற்றுக்கிழமைக்குரிய மூன்று குறிப்புகளைத் தேடுகின்றார். மாணவர் விளக்கவுரைகளை அடுக்குகின்றார். கிடைத்த ஒவ்வொரு நல்ல எண்ணமும் உடனே சபைக்குரிய சரக்காகிவிடுகின்றது. வாரம் முழுதும் இறைவனைப் பற்றிப் பேசியவர், இறைவனிடம் பேசாமலே வாரத்தைக் கழித்துவிட இயலும். இரு குறைகளும் புறத்தோற்றத்தில் எதிரெதிரானவை. உண்மையில் ஒரே இடத்தில் தவறுகின்றன. இரண்டிலும் 'நீர்' என்னும் சொல் இல்லை.

எனவே தியான முறை எதனையும் அதன் தொடக்கத்தைக் கொண்டு அன்று, முடிவைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்கின்றோம். முன்னிலையில் முடியுமாயின், அது இஞ்ஞாசியாரிடமிருந்து வந்ததாயினும் கொள்ளத்தக்கது. முடியாதாயின், அது நம் சொந்தப் பிரசங்க மேடையிலிருந்து வந்ததாயினும் குறையுடையதே.

5. கடலோரத்தில் ஒரு சோதனை

இக்கருத்து வெறும் கோட்பாடு அன்று. புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் எனத் தொடரும் கடற்கரையை எண்ணுவோம். அங்குள்ளோர் முன்னே மாற்கு 4:35–41 வாசிக்கப்படுவதாகக் கொள்வோம். இடத்தை மனக்கண்ணால் காணல் என்னும் பயிற்சியை மீனவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. படகில் நீர் நிரம்புவது எத்தகையது என்பதை அவர் அறிவார். ஆனால் 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலையில் ஆழிப்பேரலை இக்கரையில் உயிர்களைக் கொண்டுசென்றது. அந்நாளைக் கண்டவருக்கு, கடல் அடங்கிய காட்சியைக் கற்பனை செய்யுமாறு கூறுதல் எளிய செயல் அன்று. அவர் கண்ட கடல் அன்று அடங்கவில்லை.

இங்கேதான் முறைகளின் உண்மை மதிப்பு வெளிப்படுகின்றது. மூச்சைக் கவனிக்கச் சொல்வது அவரது உடல் நடுக்கத்தைத் தணிக்கலாம்; கேள்வியைத் தொடாது. இறைவனின் வல்லமை பற்றிய அருளுரை மெய்யே கூறலாம். ஆனால் அவரைக் கேட்பவராகவே இருத்திவிடும். உரையாடலோ, சீடர் படகில் எழுப்பிய அதே குற்றச்சாட்டை அவர் வாயில் வைக்கின்றது: நாங்கள் மடிவதைப் பற்றி உமக்குக் கவலை இல்லையா என்னும் பொருள்பட அவர்கள் கேட்டனர். அவ்வாறு கேட்டவர்களை ஆண்டவர் படகினின்று இறக்கிவிடவில்லை. சங்கீதங்களில் பலவும் இவ்வகை முன்னிலைப் புலம்பல்களே. துயருற்றோருக்கு மனச்செபம் கற்பிக்க விரும்பும் ஆயர், இன்பக் காட்சிகளை அன்று, இவ்வுரிமையையே முதலில் கற்பிக்க வேண்டும். தாமே அவ்வாறு பேசிப் பழகாதவர் பிறருக்கு அதனைக் கற்பிக்க இயலாது.

6. தொடங்குவோருக்கு

நம் மாணவர்களுக்கு நாம் பரிந்துரைப்பது சுருக்கமானது. நாள்தோறும் இருபது நிமிடங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமைப் பாடமாக இல்லாத ஒரு சிறு வேதப்பகுதி. குறிப்பேடும் எழுதுகோலும் இல்லாத இடம். இருமுறை மெதுவாக வாசித்து, நிகழ்ச்சியின் ஓரிடத்தில் தம்மை நிறுத்திக்கொள்க. பின்னர் நூலை மூடி, 'ஆண்டவரே, நீர்' எனத் தொடங்கி உள்ளத்தில் உள்ளதைக் கூறுக. சொல் வராவிடில், அதனையே கூறுக. இறுதியில் அன்று செய்யவேண்டிய ஒன்றைத் தீர்மானிக்க: ஒரு சந்திப்பு, ஒரு மன்னிப்பு, ஒரு கடன் தீர்த்தல். மனம் வறண்ட நாளில் நேரத்தைக் குறைக்காமல் சிறிது கூட்டுக என்பது இஞ்ஞாசியாரின் அறிவுரை. அது இன்றும் பொருந்தும். 'சாதனா' நூலைப் பயில விரும்புவோர் அதன் பக்திப் பகுதியில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்வாராயின், அந்நூலின் பயனை முழுவதும் பெறுவர். அதன் இடரினின்றும் தப்புவர்.

கத்தோலிக்க மரபு நமக்கு அளிக்கும் கொடை புதியதொரு நுட்பம் அன்று. நாம் பிரசங்கிக்கும் ஆண்டவர் செவிகொடுப்பவர் என்னும் பழைய உண்மையை நாள்தோறும் செயற்படுத்திப் பார்க்கும் ஒழுங்கே அது. அவ்வொழுங்கை மேற்கொள்ளும் ஆயரின் அருளுரை நீளத்தில் குறையலாம். ஆனால் அதனைக் கேட்கும் சபையார், தாம் அறிந்த ஒருவரைப் பற்றி அவர் பேசுகின்றார் என்பதை உணர்வர்.