காலியான நாற்காலி

இத்தாலிய டைரக்டர் எர்மான்னோ ஓல்மி 1961இல் எடுத்த படம் 'இல் போஸ்தோ'. 'வேலை' என்றும் சொல்லலாம், 'இடம்' என்றும் சொல்லலாம். படத்தைப் பார்த்தபின் இரண்டாவதுதான் சரி என்று எனக்குத் தோன்றிற்று. மனிதன் போய்விடுகிறான், இடம் இருக்கிறது.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. மிலான் நகருக்குச் சற்று வெளியே மேதா என்ற ஊர். அங்கே டொமெனிகோ என்ற பையன். சமையலறையில்தான் அவனுக்குப் படுக்கை. பெரிய கம்பெனியில் நுழைந்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்பது தகப்பனாரின் நம்பிக்கை. பரீட்சையில் கணக்குப் போடுகிறான். வைத்திய சோதனையில் குனிந்து நிமிர்கிறான். குமாஸ்தா இடம் காலியில்லையாம். அதுவரை பியூன் உடுப்பு மாட்டிக்கொண்டு நடையில் உட்கார வேண்டியது. பரீட்சையன்று பழக்கமான அந்தோனியெத்தா என்ற பெண்ணுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. ஆனால் வேறு பிரிவு, வேறு சாப்பாட்டு நேரம். கம்பெனியின் புதுவருஷ விருந்துக்கு அவள் வருவாளென்று காத்திருக்கிறான். வரவில்லை.

ஓல்மி பையனைப் பரிதாபப் பொருளாக்கவில்லை. அவரே மிலானில் எடிசன் மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்தக் கம்பெனிக்காகப் பல செய்திப் படங்கள் எடுத்தவர். ஆபீஸை வெளியே நின்று ஏசுபவரல்ல. தகப்பனாரின் ஆசையில் ஒரு நியாயம் இருப்பது அவருக்குத் தெரியும். இதே கதை நம் ஆட்களிடம் அகப்பட்டிருந்தால் (என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) கடைசி அத்தியாயத்தில் பையன் ராஜிநாமாக் கடிதத்தை மானேஜர் முகத்தில் எறிந்திருப்பான். வாசகர்களும் கை தட்டியிருப்பார்கள். மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவன் மட்டும் தட்டியிருக்க மாட்டான்.

சோதனைக் காட்சிகளில் கொஞ்சம் கேலிச் சித்திர வாடை அடிக்கிறது. அது ஒரு குறைதான். ஆனால் நடுவில் பையனை விட்டுவிட்டு, குமாஸ்தாக்களின் வீடுகளுக்குள் காமிரா எட்டிப் பார்க்கிறதே, அதைக் கதையின் போக்கு கெட்டதாக நினைப்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அந்தச் சில நிமிஷங்கள் இல்லாவிட்டால் படமே இல்லை.

அந்தக் குமாஸ்தாக்களில் ஒருவர் வாடகை அறையில் இரவு நேரத்தில், யாருக்கும் தெரியாமல், நாவல் எழுதுகிறார். பகலில் ஆபீஸ், இரவில் அத்தியாயம். பிறகு ஒருநாள் அவர் இல்லை. இறந்த காட்சியை நமக்குக் காட்டவில்லை. அவர் மேஜையைக் காலி செய்கிறார்கள், அவ்வளவுதான். கையெழுத்துப் பிரதியும் மற்ற சாமான்களோடு சாமானாக அகப்படுகிறது. நாவல் நன்றாயிருந்ததா என்று ஓல்மி சொல்லவில்லை, யாரும் படிக்கவுமில்லை. எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிடப் பயங்கரமான காட்சி வேறு வேண்டாம்.

அந்த மேஜையில் பையனை உட்கார வைக்கிறார்கள். இருபது வருஷமாகக் காத்திருந்த ஒருவர் ஆட்சேபிக்கிறார். உடனே, ஆளாளுக்குத் தத்தம் சாமானைத் தூக்கிக்கொண்டு ஒரு மேஜை முன்னால் நகர்கிறார்கள். பையனுக்கு மிஞ்சுவது கடைசி வரிசை. ரோனியோ மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அவன் கண்கள் மட்டும் அங்குமிங்கும் அலைகின்றன.